ஐந்தாவது ஷீட்

"நீங்க லேடீஸ் கோட்டாவுல வந்தவங்கதானே?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, மாலை மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் ஏறுகிறது. கோட்டா என்றால் கேவலம் என்று நினைத்து இல்லை. அது இருந்திராவிட்டால் அந்தத் தொழிற்சாலையின் கேட்டைக்கூட நான் தாண்டியிருக்க மாட்டேன். நடந்தது என்னவென்று தெரியாமல் கேட்கிறார்களே, அதுதான் கோபம். ஆகவே ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் ஆரம்பம். எனக்கு இருபது வயது. கிழக்குத் தாம்பரத்தில் வீடு. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் சர்ச் சபையில் வீட்டுக்கு ஒரு பெண் டீச்சராகவோ நர்ஸாகவோ இருப்பாள். எனக்கு இரண்டுக்கும் வேண்டிய பொறுமை கிடையாது என்று அம்மா சின்ன வயதிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள். ஆனால் கோடு நேராகப் போடுவேன். அதனால் இரண்டு வருஷம் படம் வரையும் பயிற்சிக்குப் போனேன். படம் என்றால் பூவும் மயிலும் இல்லை, இயந்திரப் படம். என்ஜினியர் பென்சிலில் வரைந்து கொடுப்பதன்மேல் வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிய துணி ஷீட்டை விரித்து, கறுப்பு மையால் அச்சு அசலாக இழுக்க வேண்டும். ஒரு கோடு தடித்தால் போச்சு. பிளேடால் சுரண்டி அழிக்கலாம்தான், ஆனால் சுரண்டின இடம் வெளிச்சத்தில் பிடித்தால் பளிச்சென்று தெரியும். இந்த வேலை செய்கிறவர்களுக்கு டிரேசர் என்று பெயர்.

எங்கள் வகுப்பில் தென்பக்கத்திலிருந்து ரயில் ஏறினவர்கள் மூன்று பேர். நான் ஒருத்தி. ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வருவாள். வாயைத் திறந்தால் யாராவது திட்டிவிடுவார்களோ என்று இருக்கிற சாது. மூன்றாவது செம்பாக்கத்து அக்கா. எங்களைவிட நாலு வயது பெரியவள். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, தாம்பரம் மார்க்கெட்டில் பூட்டும் கீலும் திருகாணியும் விற்கிற கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் வளர்ந்ததாலோ என்னவோ, படத்தில் ஒரு திருகாணியைப் பார்த்தால் அது எந்தச் சுவரில் நிற்கும், எதில் நிற்காது என்றுகூடச் சொல்லுவாள். சில வருஷம் தையல் டீச்சராக இருந்துவிட்டு, அது பிடிக்காமல், வீட்டோடு மல்லுக்கட்டி இந்தப் படிப்புக்கு வந்தவள். அவளுக்கு ஒரே ஒரு கஷ்டம்தான். எந்தக் கம்பெனியிலும் புதிதாகச் சேர வயது வரம்பு இருபத்தைந்து. அடுத்த மாதம் அவளுக்கு அது தாண்டிவிடும். அப்புறம் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் யாரும் அப்ளிகேஷனைக்கூட வாங்க மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில் குரோம்பேட்டைப் பக்கம் பம்பு செய்கிற ஒரு தொழிற்சாலையிலிருந்து எங்கள் பயிற்சி நிலையத்துக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. டிரேசர் ஐந்து பேர் தேவை. பரீட்சை வைத்து எடுப்போம். அதில் இரண்டு இடம் பெண்களுக்கு. இந்தக் கடைசி வரி மட்டும் இல்லையென்றால் நாங்கள் மூன்று பேரும் அதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்போம். தொழிற்சாலை ஆண்கள் இடம் என்றுதான் எல்லோரையும் போல நாங்களும் நினைத்திருந்தோம். அந்த வரியைப் படித்த பிறகு மூன்று பேரும் அன்றைக்கே அப்ளிகேஷன் எழுதினோம்.

பரீட்சைக்கு வந்த கூட்டத்தில் நாங்கள் மூன்று பேர்தான் பெண்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒல்லியாக ஒரு பையன், சட்டைப் பையில் மூன்று பேனா. அவனுக்கு நம்பர் நாலு. எனக்குப் பதினொன்று, ஊரப்பாக்கத்துப் பெண்ணுக்குப் பன்னிரண்டு, அக்காவுக்குப் பதிமூன்று. அவன் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கென்ன சிஸ்டர், ரெண்டு சீட்டுக்குத் துண்டு போட்டு வெச்சிட்டாங்க. நாங்கதான் மெரிட்ல முட்டி மோதணும்" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிற்று. பதில் சொல்ல வாயெடுத்தேன், செம்பாக்கத்து அக்கா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அவள் அவனிடம் நிதானமாக, "கை வேர்த்திருக்கு பாருங்க தம்பி, துடைச்சுக்கோங்க. துணியில மை ஊறிடும்" என்றாள். அவனும் மரியாதையாகத் துடைத்துக்கொண்டான். ஆனால் அவன் சொன்னது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது, ஏனென்றால் அது உண்மையாக இருக்குமோ என்று எனக்கே ஒரு பயம்.

பரீட்சை நடத்தினவர் அந்தத் தொழிற்சாலையின் சீஃப் டிராஃப்ட்ஸ்மேன், படம் வரைகிறவர்களுக்கெல்லாம் தலைவர். பரங்கிமலைக்காரர், ஆங்கிலோ இந்தியர். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மார்க்கே போட மாட்டார். எல்லோருடைய ஷீட்டையும் ஜன்னல் ஓரமாகக் கட்டின கம்பியில், துணி காயப்போடுகிற கிளிப்பால் வரிசையாகத் தொங்கவிடுவார். நன்றாக இருப்பது முதலில், சுமாராக இருப்பது அடுத்தது, இப்படி. பின்னாலிருந்து வெயில் அடிக்கும்போது எல்லாக் குற்றமும் தெரிந்துவிடும். இரண்டு மூன்று நாள் போகவும் வரவும் பார்த்து இடம் மாற்றுவாராம். மூலையில் நம்பரை மட்டும் எழுதச் சொன்னார். பேர் எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன் என்றார். ஒரு வால்வின் குறுக்குவெட்டுப் படம். மூன்று மணி நேரம் யாரும் தலை தூக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முடிவு. நோட்டீஸ் போர்டில் இரண்டு லிஸ்ட் ஒட்டியிருந்தது. ஒன்றில் லேடீஸ் என்று போட்டுப் பதினொன்று, பன்னிரண்டு. இன்னொன்றில் மூன்று நம்பர்கள், அதில் கடைசி நம்பர் அந்த வராந்தாப் பையனுடைய நாலு. பதிமூன்று எதிலும் இல்லை. அக்கா இரண்டு லிஸ்டையும் இரண்டு தடவை படித்தாள். பிறகு முந்தானையை இழுத்துத் தலையைச் சரியாக மூடிக்கொண்டு, "சரி, நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அந்த நேரத்தில் செம்பாக்கத்துக்குப் பஸ்ஸே கிடையாது. எனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் பாதி அங்கேயே செத்துவிட்டது.

ஆபீசில் வேலை உத்தரவைக் கொடுத்துவிட்டு, சீஃபைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார்கள். படம் வரைகிற அறைக்குப் போனேன். ஷீட்டெல்லாம் இன்னும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரத்தில் முதல் ஷீட்டின் மூலையைப் பார்த்தேன். பதினொன்று. என்னுடையது. சத்தியமாகச் சொல்கிறேன், காலுக்குக் கீழே தரை ஒரு அடி இறங்கின மாதிரி இருந்தது. இரண்டாவது யாரோ ஒரு பையனுடையது. மூன்றாவது பன்னிரண்டு, ஊரப்பாக்கத்துப் பெண். நாலாவது ஒரு பையன். ஐந்தாவது பதிமூன்று. அக்கா. ஆறாவது, நாலாம் நம்பர்.

எடுக்கப்போவது ஐந்து பேரை. ஐந்தாவதாக வந்தவள் வெளியே, ஆறாவதாக வந்தவன் உள்ளே. எனக்கு ஒன்றும் புரியாமல் சீஃபைக் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, "யாரு மொதல், யாரு ரெண்டாவதுன்னு நா ஆர்டர் மட்டும் குடுக்கறேன்மா. லிஸ்ட் எல்லாம் ஆபீஸ் போடுது" என்றார். ஆபீஸ் கிளார்க்கைக் கேட்டேன். அப்ளிகேஷன் வந்த அன்றைக்கே அவர் லேடீஸுக்கு ஒரு ஃபைல், மற்றவர்களுக்கு ஒரு ஃபைல் என்று பிரித்து வைத்துவிட்டாராம். லேடீஸ் ஃபைலில் முதல் இரண்டு பேரை லேடீஸ் இடத்தில் போட்டார். மீதி மூன்று இடத்துக்கு அந்த ஃபைலைத் திறந்தே பார்க்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, ஒழுங்காக வேலை செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தார். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் பிரித்திருப்பார்கள்.

நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். போகும் வழியில் ஊரப்பாக்கத்துப் பெண் என் கையைப் பிடித்து, கிடைத்ததைக் கெடுத்துக்கொள்ளாதே என்று கெஞ்சினாள். மேனேஜர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அவரும் வரைபலகையில் நின்று மேலே வந்த என்ஜினியர்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "உனக்குத்தான் வேலை கிடைச்சாச்சே, அப்புறம் என்னம்மா? லேடீஸுக்கு ரெண்டுன்னு நானே மேலிடத்துல சண்டை போட்டு வாங்கினேன். ரெண்டும் குடுத்தாச்சு. இன்னும் கேட்டா எப்படி?" என்றார்.

அப்போது என் வாயிலிருந்து வந்தது நான் யோசித்து வைத்தது இல்லை. "சார், தாம்பரம் ரயில்ல ஒரு லேடீஸ் பெட்டி இருக்கு. மத்ததெல்லாம் ஜென்ட்ஸ் பெட்டின்னு எங்கயும் எழுதி வைக்கல. ஆனா நாங்க ஏறினா, உங்களுக்குத்தான் தனிப் பெட்டி இருக்கேன்னு எழுப்பி விடறாங்க. இங்கயும் அதைத்தான் பண்ணியிருக்கீங்க. நான் முதல் ஷீட். என்னை ஏன் சார் லேடீஸ் இடத்துல உட்கார வெச்சீங்க? என்னைப் பொது இடத்துல போடுங்க. அந்த இடம் பதிமூணாம் நம்பருக்குப் போகட்டும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். லேடீஸ் இடம் வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தால் அது அடுத்த பெண்ணுக்குப் போகும், அதில் தடையில்லை என்றார். ஆனால் பொது இடம் மூன்றும் நிரம்பியாகிவிட்டது, எனக்கு எந்த உத்தரவாதமும் தர முடியாது, வீட்டில் கேட்டுவிட்டு வா என்றார். நான் பயந்து பின்வாங்குவேன் என்று நினைத்திருப்பார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அங்கேயே நின்றுகொண்டு எழுதி, கையெழுத்துப் போட்டு, வேலை உத்தரவையும் அதன்மேல் வைத்துவிட்டு வந்தேன். கேட் தாண்டின பிறகுதான் என்ன செய்துவிட்டு வந்தேன் என்று உறைத்தது.

வீட்டில் அம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "வாங்கின வேலையைத் திருப்பிக் குடுத்துட்டு வந்திருக்கா பாருங்க உங்க பொண்ணு" என்று அப்பாவிடம் முறையிட்டாள். அப்பா ஆறு ஷீட்டின் வரிசையையும் என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். விரலை மடக்கிப் பார்த்தார். மெரிட்படி போனாலும் அந்தப் பெண் உள்ளே, பொது இடத்தை முதலில் நிரப்பிவிட்டுக் கோட்டாப்படி போனாலும் அந்தப் பெண் உள்ளே, இவர்கள் எந்தக் கணக்குப்படி வெளியே அனுப்பினார்கள் என்று கேட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டில் மட்டும் குறை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கோயில் கேட்டுக்குப் பக்கத்தில் செம்பாக்கத்து அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு கவர். சனிக்கிழமையே ஆபீஸ் ஆள் சைக்கிளில் வந்து கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவள் சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்து ஓடினேன்.

"இது யாரோட இடம்?" என்றாள்.

"உன்னோடதுதான்க்கா."

"பொய் சொல்லாதடி. நீ எழுதிக் குடுத்தேன்னு அந்த ஆளே சொல்லிட்டுப் போனான். உன் எச்சில் எனக்கு எதுக்கு? நான் பிச்சை கேட்டேனா உன்கிட்ட?"

அவ்வளவு கோபமாக அவளை நான் பார்த்ததில்லை. எனக்கும் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பட்டுப் புடவையில், சபையே பார்க்க, நடுரோட்டில் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டோம். கம்பியில் எதற்கப்புறம் எது தொங்கிற்று என்று நான் கத்திச் சொன்ன பிறகுதான் அவள் நிறுத்தினாள். தான் ஐந்தாவது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அந்த இரண்டு நாளும், தன் கை சரியில்லை, தான் தோற்றுவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆறாவது யாரு?" என்று கேட்டாள்.

"துண்டு போட்டு வெச்சிட்டாங்கன்னு சொன்னானே, அவன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு கவரை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு முடிவு சொன்னாள். திங்கட்கிழமை இரண்டு பேரும் போவோம். என்னைப் பொது இடத்தில் எடுக்காவிட்டால் அவளும் உத்தரவை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடுவாள். வயது தாண்டிவிடுமே என்று நான் பதறினேன். தாண்டினால் தாண்டட்டும், கடையில் திருகாணி எண்ணிக்கொண்டு இருப்பேன் என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. என் கோபத்தால் அவளுக்குக் கிடைத்ததும் போய்விடுமோ என்று புரண்டு புரண்டு படுத்தேன்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் எங்களைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். அக்கா உத்தரவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து மிரட்டுகிறீர்களா என்று கேட்டார். நான் இல்லை என்றேன். அவர் ஒன்று மட்டும் செய்தால் போதும் என்றேன்.

"நீங்களும் வரைஞ்சவர்தானே சார். அந்த ஆறு ஷீட்டையும் நீங்களே பாருங்க. நம்பரை மூடிட்டுப் பாருங்க. எது கடைசின்னு சொல்லுங்க, அந்த ஆளை வெளிய அனுப்புங்க. அது எங்கள்ல ஒருத்தர்னா நாங்க பேசாம போயிடறோம்."

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையை அசைத்தாள். நல்ல படத்தைப் பார்க்கிறாயா என்று கேட்டால் எந்தப் பழைய டிராஃப்ட்ஸ்மேனும் மாட்டேன் என்று சொல்ல மாட்டான். மேனேஜர் எழுந்து வந்தார். சீஃப் ஆறு ஷீட்டையும் கழற்றிக் கலைத்து, மூலையில் துண்டுக் காகிதம் சுற்றி, மறுபடி கம்பியில் மாட்டினார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. அறையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் என் ஷீட்டைத் தாண்டினார். ஊரப்பாக்கத்துப் பெண்ணுடையதைத் தாண்டினார். அக்காவின் ஷீட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு இடத்தில் விரலை வைத்தார். பிளேடால் சுரண்டின இடம். சின்னது, கடுகளவு, ஆனால் தெரிந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. என்னைத்தான் முதலில் அடிக்க வேண்டும், எதற்கு இந்த யோசனை சொன்னேன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். அவர் அடுத்ததற்குப் போனார், அதற்கடுத்ததற்கும் போனார், மறுபடி அக்காவுடையதற்கே வந்தார். மறுபடி கடைசி ஷீட்டுக்குப் போனார்.

"இதுல வளைவு வந்து நேர்கோட்டுல சேர்ற இடமெல்லாம் முட்டுது" என்றார் சீஃபிடம். "சுரண்டினது ஒரு தடவை கை தவறினது. இது கைப்பழக்கமே சரியில்ல. இதான் கடைசி."

சீஃப் காகிதத்தை உருவினார். நாலு.

மேனேஜர் அந்த ஷீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிளார்க்கைக் கூப்பிட்டு, இரண்டு லிஸ்டையும் கிழித்துவிட்டு ஒரே லிஸ்டாக, சீஃப் முதலில் மாட்டியிருந்த கம்பி வரிசைப்படி டைப் அடிக்கச் சொன்னார். என்னிடம் திரும்பி, இனிமேல் லேடீஸுக்கு என்று தனி இடமே கேட்க மாட்டேன், அதுதானே உனக்கு வேண்டும் என்று கொஞ்சம் கசப்பாகக் கேட்டார். அது வேண்டாம் சார் என்று நான் கெஞ்சினேன். அந்த வரி இல்லையென்றால் நாங்கள் அப்ளிகேஷனே போட்டிருக்க மாட்டோம், அது இருக்கட்டும், இரண்டுக்கு மேல் வரக் கூடாது என்று மட்டும் யாரும் அர்த்தம் பண்ண வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு வந்த நோட்டீஸ் எல்லாவற்றிலும் அந்த வரி இருந்தது. வருஷா வருஷம் பெண்களும் இரண்டோடு நிற்கவில்லை.

வராந்தாவில் நாலாம் நம்பர் பையன் புது லிஸ்டைப் படித்துக்கொண்டிருந்தான். முதல் நாள் வேலைக்கு என்று புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். துண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று மூன்று நாளாக நாக்கில் வைத்திருந்தேன். சட்டையைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். பாவமாக இருந்ததா என்றால், இருந்தது. ஒரு அரை மணி நேரம். அதற்குமேல் இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அடுத்த தடவை பரீட்சை எழுதி அவனும் உள்ளே வந்துவிட்டான், வளைவையும் சரியாகப் போடக் கற்றுக்கொண்டான். வாட்ச்மேன் மட்டும் கேட்டில் எங்களைப் பிடித்து, "இன்னாம்மா பண்ணீங்க உள்ள? ஆபீசே ஆடிக்கினு கீது" என்றார்.

கையெழுத்துப் புத்தகத்தில் முதல் வரியில் நான் போட்டேன். ஐந்தாவது வரியில் அக்கா போட்டாள். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள், நானும் அழலாம் என்று தயாராக நின்றேன். அவள் பேனாவை மூடி வைத்தாள். என் ஷீட் தொங்குகிற இடத்தைப் பார்த்தாள், தன்னுடையதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆறு மாசம் டைம் குடு. உன்னை ரெண்டாவதாக்கிக் காட்டறேன்" என்றாள்.

நாலே மாதத்தில் செய்து காட்டினாள், ராட்சசி.